மதியமானால் அறுந்த எடைமேடை: ஒரு மாங்கூழ் ஆலையின் நெட்வொர்க் கோளாறு

காவேரிப்பட்டணத்தை ஒட்டிய மாங்கூழ் ஆலை ஒன்று. மே பிற்பகுதியிலிருந்து ஜூலை வரை பெங்களூராவும் அல்போன்சாவும் ஏற்றிய டிராக்டர்களும் மினி லாரிகளும் அதன் வாசலில் வரிசை கட்டும். உள்ளே வரும்போது ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் பணம். சீட்டு போடுவது வாசலில் உள்ள எடைமேடைக் கணினி. அது பதிவாவது அலுவலக அறையில் உள்ள சர்வரில். சீசன் உச்சத்தில் அந்த வாசல் கணினி நெட்வொர்க்கை விட்டு விலகத் தொடங்கியது.

புகார் வந்தது ஒரே வரியில்: "அண்ணா, நெட்டு போயிருச்சுங்க, சீட்டு சேவ் ஆகல." இந்த வரிக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். கேபிள் இணைப்பே இல்லாமல் போவது ஒன்று. கேபிள் சரியாக இருந்தும் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காதது, அல்லது தவறான முகவரி கிடைப்பது இரண்டாவது. முகவரியும் சரியாக இருந்து வெளி இணையம் மட்டும் வராதது மூன்றாவது. எடைச்சீட்டுக்கு வெளி இணையமே தேவையில்லை, சர்வர் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ஆகவே மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆனால் புகார் வந்த ஒவ்வொரு முறையும் முதலில் நடந்தது என்னவோ இணையச் சேவைக்காரருக்குப் போன் போட்டதுதான்.

அமைப்பு

அலுவலக அறையில் ஒளியிழை இணைய இணைப்பு வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டி (ரவுட்டர் வேலையையும் இதுவே பார்க்கிறது), முகவரி 192.168.1.1. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையையும் அதுவே செய்கிறது. அதிலிருந்து ஒரு 8 துளை சுவிட்ச். சுவிட்சில் சர்வர் (192.168.1.10), கணக்குப் பிரிவின் இரண்டு கணினிகள், பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், தரம் பார்க்கும் ஆய்வகத்துக்கு ஒரு கேபிள், எடைமேடைக்கு ஒரு கேபிள். எடைமேடைக் கேபிள் அலுவலகத்தின் பின்சுவர் வழியாக இறங்கி, காவலாளி அறையின் தகரக் கூரை ஓரத்தில் ஓடி, எடைமேடை அறைக்குள் நுழைகிறது.

எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து கணினிக்கு வருவது தனி சீரியல் கேபிள். அதற்கும் நெட்வொர்க்குக்கும் தொடர்பு கிடையாது. எடை திரையில் வருகிறது, சேவ் மட்டும் ஆகவில்லை என்றால் சீரியல் பக்கத்தைத் தொடவே தேவையில்லை. இங்கே திரையில் எடை எப்போதும் சரியாகவே வந்தது.

அறிகுறிகள்

காலை 10 மணி வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. வெயில் ஏறினால் சேவ் பொத்தானை அழுத்திய பிறகு திரை உறையும். சில சமயம் அரை நிமிடத்தில் மீளும், சில சமயம் பிழைச் செய்தி வரும். கணினியை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகும். எதுவுமே செய்யாமல் விட்டாலும் ஐந்தாறு நிமிடத்தில் தானாக வந்ததுண்டு. இன்னொரு வகையும் இருந்தது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிய பிறகு, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடைமேடை மணிக்கணக்கில் வராது.

நேரத்தோடு ஒட்டிவரும் கோளாறு என்றால் வெப்பம், மின்சாரம், வேலை நெருக்கடி ஆகிய மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். இங்கே வெப்பமும் மின்சாரமும் தனித்தனியாகக் கை காட்டின. ஒரே காரணத்தைத் தேடியவர்களுக்கு அதனாலேயே விடை கிடைக்கவில்லை.

முன்னர் செய்து பார்த்தவை

விண்டோஸ் மறுபடி நிறுவப்பட்டிருந்தது. லேன் கார்டு கெட்டுவிட்டது என்று யு.எஸ்.பி. லேன் அடாப்டர் மாட்டப்பட்டிருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் நீக்கப்பட்டிருந்தது. கடைசியாக, 192.168.1.50 என்று நிலை முகவரி (கையால் கொடுக்கும் மாறாத முகவரி) கொடுத்தார்கள். அது சில நாள் ஓடியது. பிறகு யாரோ ஒருவருடைய கைபேசிக்கு ஓ.என்.டி. அதே 50-ஐ வழங்க, முகவரி மோதல் என்று திரையில் வந்தது. ஓ.என்.டி.யின் வழங்கல் வரம்பு 2 முதல் 254 வரை திறந்தே கிடந்ததுதான் காரணம். நிலை முகவரி கொடுப்பதில் தவறில்லை, வழங்கல் வரம்புக்குள் இருக்கும் எண்ணைக் கொடுப்பதுதான் தவறு. மோதல் வந்ததும் நிலை முகவரி எடுக்கப்பட்டு, பழையபடி தானியங்கி முறைக்கே வந்துவிட்டது.

இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்ச நாள் நன்றாக ஓடியதாகத் தோன்றியதற்குக் காரணம் எளிது. பழுது பார்க்க ஆள் வருவது வண்டி குறையும் சாயங்காலத்தில். அப்போது வெயில் இறங்கியிருக்கும்.

முதல் பார்வை: அடாப்டரும் முகவரியும்

கோளாறு நிகழும்போது பார்த்தால் ஒழிய பயனில்லை. மதியம் திரை உறைந்த நேரத்தில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை 'ஆல்' விருப்பத்தோடு கொடுத்தபோது, வெவ்வேறு நேரங்களில் மூன்று விதமான விடை வந்தது.

முதலாவது 192.168.1 என்று தொடங்கும் சரியான முகவரி. அப்போதும் சேவ் ஆகவில்லை.

இரண்டாவது 169.254 என்று தொடங்கும் முகவரி. இதை எந்தப் பெட்டியும் வழங்கவில்லை. டி.எச்.சி.பி. கேட்டுக் கேட்டு விடை வராததால் விண்டோஸ் தானே சூட்டிக்கொண்ட முகவரி அது. இதைக் கண்டால் ரவுட்டர் அமைப்பை நோண்டுவதற்கு முன், கேட்ட கேள்வி ரவுட்டர் வரை போனதா என்று பார்க்க வேண்டும். இந்த நிலையில் விண்டோஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்கும். எதுவும் செய்யாமலே ஐந்தாறு நிமிடத்தில் சரியானதற்கு விளக்கம் இதுதான்.

மூன்றாவதுதான் வினோதம்: 192.168.0.103, கேட்வே (வலையிலிருந்து வெளியே போகும் வழியான பெட்டி) 192.168.0.1. இந்த ஆலையில் 192.168.0 என்று ஒரு வலையே கிடையாது. ஓ.என்.டி. 192.168.1 வரிசையை மட்டும்தான் வழங்குகிறது. அப்படியானால் வளாகத்தில் இன்னொரு பெட்டி முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்கு இன்னொரு தடயம் எவரும் கவனிக்காமல் அதே திரையில் கிடந்தது. கணக்குப் பிரிவின் கணினிகளில் இணைப்பின் பெயர் 'நெட்வொர்க்' என்று இருக்க, எடைமேடைக் கணினியில் சில நேரம் 'நெட்வொர்க் 2' என்று இருந்தது. விண்டோஸ் ஒரு வலையை அடையாளம் காண்பது கேட்வேயின் மேக் முகவரியை (கருவிக்குத் தயாரிப்பிலேயே கொடுக்கப்படும் எண்) வைத்து. கேட்வே பெட்டி மாறினால் அது புதிய வலை என்று நினைத்து எண் போட்டுக்கொள்ளும். வழக்கமாகப் 'பொது' வகையில் சேர்த்து, கோப்புப் பகிர்வுக்கும் ஃபயர்வாலில் கதவடைக்கும். ரவுட்டரை யாரும் மாற்றாத இடத்தில் இந்த எண் ஏறியிருந்தால் வேற்றுப் பெட்டி ஒன்று புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆக, கைக்கு வந்தவை இரண்டு கோளாறுகள். சரியான முகவரியோடும் சேவ் ஆகாததும், 169.254 வருவதும் கேபிளைக் காட்டின. 192.168.0 வருவது வேற்று டி.எச்.சி.பி.யைக் காட்டியது. வண்டி நிற்பதால் கேபிள் முதலில்.

பிங் சொன்ன பொய்

எடைமேடையிலிருந்து சர்வருக்கு பிங் (சிறு பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டால் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே தவறியது. முன்னர் பார்த்தவர்கள் நாலு பிங் போட்டு, நாலுக்கும் பதில் வந்ததும் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்திருந்தார்கள்.

விண்டோஸின் பிங் அனுப்புவது 32 பைட். எடைச்சீட்டு மென்பொருள் சர்வரோடு பேசும்போது போகும் பொட்டலங்கள் 1500 பைட் வரை நிறைந்தவை. கேபிளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிட் கெட்டால், சிறிய பொட்டலம் தப்பிப் போகும், பெரியது அடிபடும். ஒரு பிட் கெட்டாலும் முழுப் பொட்டலமும் குப்பைதான். அதனால் பிங் கட்டளையில் 'எல்' விருப்பத்தோடு 1400 என்று அளவு கொடுத்து, 'டி' விருப்பத்தோடு விடாமல் ஓடவிட வேண்டும். அப்படி ஓடவிட்டபோது மதியம் நூற்றுக்கு 20-க்கு மேல் தவறியது. காலையில் இரண்டு, மூன்று. அதே சோதனையைக் கணக்குப் பிரிவுக் கணினியிலிருந்து சர்வருக்குப் போட்டால் ஒன்றுகூடத் தவறவில்லை. சுவிட்சும் சர்வரும் நன்றாக இருக்கின்றன. பழுது எடைமேடைக் கேபிளில் என்பது இந்த ஒப்பீட்டிலேயே தெளிவு.

சுவிட்சின் துளை மேல் இன்னும் ஐயம் இருந்தால் கேபிளை வேறு துளைக்கு மாற்றிப் பார்த்தால் போதும். மாற்றிப் பார்த்ததில் தவறும் எண்ணிக்கை மாறவில்லை.

லேன் கார்டின் வேகம் 1 ஜிகாபிட் எட்டாமல் 100 மெகாபிட்டில் நின்றது. இந்த இடத்தில் பலர் செய்யும் வேலை, கணினி அடாப்டரின் அமைப்பில் '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று கட்டாயமாக வைப்பது. எதிரில் இருப்பது சாதாரண சுவிட்ச் என்றால் அதற்கு வேகம் தெரியும், டூப்ளெக்ஸ் தெரியாது. அது ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். இருபுறமும் மோதி நிலைமை இன்னும் மோசமாகும். இரு முனையும் தானியங்கியிலேயே இருக்கட்டும்.

கேபிளை அளந்தது

விளக்கு எரியும் மலிவான கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. அந்த டெஸ்டர் சொல்வது கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டுமே. கம்பி தளர்ந்து கிடப்பதையோ, நீளம் மிஞ்சியதையோ, கம்பியின் உலோகத்தையோ அது காட்டாது.

நீளத்துக்கு டேப் தேவையில்லை. கேபிளின் மேலுறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் எண் அச்சிட்டிருக்கும். அலுவலக முனையில் 231 என்றும், காவலாளி அறைக் கூரையடியில் 143 என்றும் இருந்தது. அதாவது 88 மீட்டர். அங்கே கேபிள் முடிந்து, வேறொரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப் போடப்பட்டிருந்தது. அந்தத் துண்டு 12-லிருந்து 50 வரை, 38 மீட்டர். மொத்தம் 126. முறுக்கு இணை ஈதர்நெட்டின் வரம்பு, இரு முனையிலும் மாட்டும் குட்டைக் கேபிளான பேட்ச் கார்டையும் சேர்த்து, 100 மீட்டர்.

அடுத்து மல்டிமீட்டர். நெட்வொர்க் கேபிளின் முனையில் அடிக்கும் ஒரு ஆர்.ஜே. 45 ஜாக்கில் 1-2, 3-6, 4-5, 7-8 என ஜோடி ஜோடியாகக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கி ஒரு குறுக்கு ஜாக் செய்துகொண்டு, எடைமேடை முனையில் அதை இணைத்துவிட்டு, அலுவலக முனையில் ஒவ்வொரு ஜோடியின் ஓம் அளவையும் பார்க்க வேண்டும். இரு முனையும் சுவிட்சிலிருந்தும் கணினியிலிருந்தும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். அசல் செம்பு 24 கேஜ் கம்பி என்றால் 100 மீட்டருக்குப் போகவும் வரவுமாகச் சுமார் 17 முதல் 19 ஓம். 126 மீட்டருக்கு 21 முதல் 24 வர வேண்டும். வந்தது 34. கத்தி முனையால் கம்பியைச் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து வெள்ளி நிறம் தெரிந்தது. செம்பு பூசிய அலுமினியம். கடையில் 'கேட் 5இ' என்று உறையில் அச்சிட்டே விற்கப்படும் இந்த ரகத்துக்கு விலை குறைவு, மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வாங்கும்போது பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

34 என்பது மூன்று ஜோடிகளில். 3-6 ஜோடியில் 41 வந்தது. ஒட்டைக் கையால் அசைத்தால் 70 வரை ஏறி இறங்கியது. 100 மெகாபிட் இணைப்பு பயன்படுத்துவது 1-2, 3-6 ஆகிய இரண்டு ஜோடிகளை மட்டுமே. அதில் ஒன்று இது.

டேப்பைப் பிரித்ததும் காரணம் கண் முன்னால். எட்டுக் கம்பியும் வெறுமனே முறுக்கப்பட்டிருந்தன, ஈயம் வைக்கவில்லை. ஜோடிகளின் முறுக்கு ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்து விடப்பட்டிருந்தது. அனுமதி 13 மில்லிமீட்டர். அலுமினியம் காற்றுப் பட்டதும் மேலே ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும், அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. போதாக்குறைக்குத் தகரக் கூரையின் அடியில் நண்பகல் சூடு. செம்பைவிட அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். தினமும் விரிந்து சுருங்கி முறுக்கு தளர்ந்திருக்கிறது. மதியக் கோளாறின் இருப்பிடம் இந்த ஒரு சாண் டேப்தான்.

அன்றே செய்த தற்காலிக வேலை

சீசனில் குழி தோண்டிக் குழாய் பதிக்க நேரமில்லை. காவலாளி அறையில் மின் இணைப்பு இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒட்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைக்கும் புது ஜாக் அடித்து, நடுவில் 5 துளை சுவிட்ச் ஒன்று வைக்கப்பட்டது. சுவிட்ச் சிக்னலைப் புதிதாக உண்டாக்கி அனுப்புவதால், 126 மீட்டர் ஓட்டம் 88, 38 என்று இரண்டு தனி ஓட்டமாகிறது. இரண்டும் வரம்புக்குள்.

ஜாக் அடித்தது பி வகை வரிசையில்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கேபிளின் மேலுறை ஜாக்குக்குள் புகுந்து, பிளாஸ்டிக் நாக்கு அந்த உறையின் மேல் அமர வேண்டும். கம்பியின் மேல் அமர்ந்தால் இழுபடும் முதல் நாளே அறுந்துவிடும். அலுமினியக் கம்பி இரண்டு முறை மடங்கினால் ஒடியும், அதனால் முனையில் அரை மீட்டர் வளையம் விட்டுக் கட்டுவது அவசியம்.

இப்போது 1400 பைட் பிங் நண்பகலிலும் ஒன்றும் தவறவில்லை. பலரும் இந்த இடத்தில் பையை மூடியிருப்பார்கள். 192.168.0.103 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நின்றது.

வேற்றுப் பெட்டியைப் பிடித்தது

192.168.0 முகவரி வந்தபோது 'ஐபிகான்ஃபிக் ஆல்' விடையில் 'டி.எச்.சி.பி. சர்வர்' என்ற வரியில் 192.168.0.1 என்று இருந்தது. பல சிறு வைஃபை ரவுட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இந்த முகவரியோடுதான் வருகின்றன. அதே நிலையில் 'ஏ.ஆர்.பி.' கட்டளையை 'ஏ' விருப்பத்தோடு கொடுத்தால் அந்தப் பெட்டியின் மேக் முகவரி தெரியும். அதைக் குறித்துக்கொண்டால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒப்பிடலாம். சில ரவுட்டர்களில் கடைசி எழுத்து மட்டும் ஒன்று, இரண்டு மாறியிருக்கும். வைஃபைக்கும் லேனுக்கும் தனித்தனி மேக் இருப்பதால் அப்படி. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெட்டி எந்தத் துளையில் தொங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு லேப்டாப்பை அலுவலகச் சுவிட்சில் இணைத்து, அதற்குத் தற்காலிகமாக 192.168.0.250 என்று நிலை முகவரி கொடுத்து, 192.168.0.1-க்குத் தொடர் பிங் ஓடவிடப்பட்டது. லேப்டாப்பில் 192.168.1 முகவரி இருக்கும்போது இதைச் செய்தால் பிங் ஓ.என்.டி. வழியாக வெளியே போய் வீணாகும், அந்தப் பெட்டி இல்லை என்று தவறாகத் தோன்றும். பிங் ஓடும்போதே சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி மாட்டினால், எதைப் பிடுங்கும்போது பதில் நிற்கிறதோ அதுதான். ஆய்வகக் கேபிளைப் பிடுங்கியதும் நின்றது.

ஆய்வகத்தில், சர்க்கரை அளவும் புளிப்பும் பார்க்கும் மேசைக்கு மேலே, கைபேசிகளுக்காக ஒரு வைஃபை ரவுட்டர் இருந்தது. அலுவலகக் கேபிள் அதன் மஞ்சள் லேன் துளையில் (உள் வலைக்கானது) மாட்டியிருந்தது. நீல வேன் துளை (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கானது) காலி. லேன் துளையில் மாட்டினால் அந்த ரவுட்டரின் டி.எச்.சி.பி. ஆலை முழுவதற்கும் முகவரி வழங்கத் தொடங்கும். ஓ.என்.டி. முந்தினால் அதன் முகவரி, இது முந்தினால் இதன் முகவரி. இதன் முகவரியைப் பெற்றவருக்கு இணையமும் இல்லை, சர்வரும் இல்லை. கேட்வேக்குப் போட்ட பிங்குக்கு மட்டும் மணியாகப் பதில் வரும்! முன்னர் பார்த்தவர்கள் கேட்வே எது என்று பார்க்காமல் 'கேட்வே பதில் சொல்கிறது' என்று திருப்தியடைந்தது இங்கேதான்.

ஆய்வகக் கைபேசிகளில் வைஃபை இருந்தும் இணையம் இல்லை என்ற முணுமுணுப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. அதை எவரும் எடைமேடையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போட்டது எப்படி

இந்த நிகழ்வில் விளக்கமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. வேற்று டி.எச்.சி.பி. இருந்தும் கணக்குப் பிரிவின் கணினிகள் ஏன் பெரும்பாலும் தப்பின?

ஒரு கணினி முகவரி பெற்றபின், அதன் குத்தகைக் காலத்தில் (முகவரி செல்லுபடியாகும் காலம்) பாதி கழிந்ததும், முகவரி கொடுத்த அதே பெட்டியிடம் நேரடியாகப் புதுப்பிக்கக் கேட்கும். ஊரெல்லாம் கூவிக் கேட்பதில்லை. கேபிள் அறாமல், கணினி அணையாமல் இருக்கும்வரை வேற்றுப் பெட்டிக்கு நுழைய வாய்ப்பே இல்லை. கணக்குப் பிரிவுக் கேபிள்கள் சில மீட்டர்கள்தான், அறுவதில்லை.

எடைமேடைக் கேபிளோ மதியத்தில் அடிக்கடி ஓரிரு நொடி அறுந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறை சேரும்போதும் விண்டோஸ் பழைய முகவரியையே மறுபடி கேட்கிறது, ஆனால் இம்முறை எல்லோருக்கும் கேட்கும்படி. அதைக் கேட்ட ஆய்வக ரவுட்டர், 'இந்த வரிசை இங்கே கிடையாது' என்று மறுப்பு அனுப்பிவிடுகிறது. மறுப்பு வந்ததும் கணினி பழைய முகவரியைக் கைவிட்டு முதலிலிருந்து தேடத் தொடங்கும். அந்தத் தேடலில் முதலில் வரும் விடையை ஏற்கும். இப்படித்தான் தளர்ந்த ஒட்டு, ஆய்வக ரவுட்டருக்கு வாசல் திறந்துவிட்டது. தேடல் பொட்டலங்கள் கெட்ட கம்பியில் தொலைந்துபோன நேரங்களில் 169.254, தப்பிய நேரங்களில் 192.168.1 அல்லது 192.168.0.

மின்சாரம் போனால் கதை வேறு. ஜெனரேட்டர் வந்ததும் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழுகின்றன. சிறு வைஃபை ரவுட்டர் ஓ.என்.டி.க்கு முன்பே தயாராகிவிடும். யு.பி.எஸ். இல்லாத எடைமேடைக் கணினியும் அப்போதுதான் எழுகிறது. கூவிக் கேட்கிறது, முந்தியவர் கொடுக்கிறார். ஆய்வகத்தின் முகவரி வந்துவிட்டால், குத்தகையை அதே ஆய்வக ரவுட்டரிடமே புதுப்பித்துக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெயில் இல்லாத நாளிலும் வந்த நீண்ட தடங்கல் இதுதான்.

இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் புகார் பாதியாகக் குறைந்திருக்கும். குறைந்ததையே வெற்றி என்று எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை விண்டோஸ் தலையில் கட்டியிருப்பார்கள்.

ஆய்வக ரவுட்டருக்கு என்ன செய்வது

வழக்கமான அறிவுரை: ரவுட்டரின் முகவரியை 192.168.1 வரிசையில் வழங்கல் வரம்புக்கு வெளியே உள்ள ஒன்றாக மாற்றி, டி.எச்.சி.பி.யை அணைத்து, லேன் துளையிலேயே விட்டு அணுகுமுனையாக (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டியாக) பயன்படுத்துவது. பிரிண்டர், சர்வர் எல்லாம் ஒரே வரிசையில் தெரிய வேண்டிய அலுவலகத்துக்கு அது சரி. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. வைஃபை மந்தமானதும் எவராவது ஊசியால் ரீசெட் துளையைப் பத்து நொடி அழுத்தினால், பெட்டி பிறந்த நிலைக்குப் போய், டி.எச்.சி.பி. மறுபடி உயிர் பெறும். பழைய கோளாறு அன்றே திரும்பும்.

ஆய்வகத்துக்குத் தேவை கைபேசி இணையம் மட்டும். அதனால் கேபிள் மஞ்சள் துளையிலிருந்து நீல வேன் துளைக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே. வேன் துளை வழியாக அந்த ரவுட்டரின் டி.எச்.சி.பி. வெளியே கசியாது, ரீசெட் செய்தாலும் கசியாது. இரட்டை முகவரி மாற்றம் (ஆய்வக ரவுட்டரில் ஒருமுறை, ஓ.என்.டி.யில் ஒருமுறை) நடக்கும் என்பது உண்மை, கைபேசியில் செய்தி பார்க்கவும் வீடியோ பார்க்கவும் அதனால் இடையூறு இல்லை. இரண்டு வரிசைகளும் வேறாக இருப்பது மட்டும் அவசியம். ஓ.என்.டி.யும் 192.168.0 வரிசையிலேயே இருந்திருந்தால் ரவுட்டர் குழம்பும். ஒன்றை மறக்கக் கூடாது: வேன் துளைக்குப் பின்னால் இருக்கும் கைபேசியிலிருந்து அலுவலகச் சர்வரை இன்னமும் எட்ட முடியும். தடுப்பு ஒரு பக்கம்தான். சர்வரின் பகிர்வுக்குக் கடவுச்சொல் இல்லாமல் இருந்தது, அதுவும் அன்றே போடப்பட்டது.

ஓ.என்.டி.யில் வழங்கல் வரம்பு 100 முதல் 200 வரை சுருக்கப்பட்டது. எடைமேடைக்கு 192.168.1.40 நிலை முகவரி. மஞ்சள் துளைகள் நான்கும் டேப்பால் ஒட்டப்பட்டு, அதன் மேல் மார்க்கரில் 'இதில் மாட்டாதீங்க' என்று எழுதப்பட்டது. இருபது பேர் வந்துபோகும் இடத்தில் இந்தச் சீட்டு எந்த அமைப்பையும்விட நன்றாக வேலை செய்யும்.

நிரந்தர வேலை: இழை

சீசன் முடிந்ததும் செம்பே வேண்டாம், இழை போடலாம் என்று முடிவானது. நீளம் மட்டும் காரணமில்லை. எடைமேடைக்குத் தனி எர்த், அலுவலகத்துக்குத் தனி எர்த். இரண்டுக்கும் நடுவே உலோகக் கம்பி ஓடினால், கோடை இடியில் இரு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் அந்தக் கம்பி வழியாகத்தான் சமன்படும். சுவிட்சின் துளை, லேன் கார்டு, அதோடு சீரியல் போர்ட் என்று வரிசையாகப் போகும்.

இரண்டு இழை கொண்ட சிங்கிள் மோடு டிராப் கேபிள், 150 மீட்டர், வளையத்துக்கும் சேர்த்து. தாங்கு கம்பி எஃகாக இல்லாமல் எஃப்.ஆர்.பி. (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) குச்சியாக இருக்கும் ரகம், இல்லாவிட்டால் உலோகத்தைத் தவிர்த்த பயன் போய்விடும். ஓடுவது ஓர் இழையில், மற்றது உபரி. இரு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர்.

இங்கே இரண்டு இடத்தில் கை தவறும். ஒற்றை இழை கன்வர்ட்டர்கள் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது நேர்மாறு. இரண்டு ஏ-க்களை மாட்டினால் இழை விளக்கு எரியவே எரியாது, பழுது இழையில் என்று நினைத்து வீணாக மறுபடி ஒட்டுவார்கள். இரண்டாவது, முனை இணைப்பான். கேபிள் டி.வி.க்காரர்களிடமும் இழை இணையக்காரர்களிடமும் கைவசம் இருப்பது பெரும்பாலும் பச்சை நிற ஏ.பி.சி. வகை, முனை சாய்வாக வெட்டியது. கன்வர்ட்டரின் துளை நீல நிற யு.பி.சி. வகை, முனை நேரானது. பச்சையை நீலத்தில் சொருகினால் பொருந்துவதுபோல் அமரும், ஒளி இழப்பு எகிறும், முனையும் கீறிக்கொள்ளும். நீலத் தலை வைத்த பிக்டெயில் (ஒரு முனையில் மட்டும் இணைப்பான் உள்ள சிறு இழைத் துண்டு) வாங்கி, ஃப்யூஷன் மெஷினில் ஒட்டச் சொல்வது நல்லது. 150 மீட்டருக்கு இழையின் இழப்பு கணக்கில் வராத அளவு. ஒட்டும் தலையும் சுத்தமாக இருந்தால் போதும். வளைவு மட்டும் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது; கதவு இடுக்கில் மடக்கி விட்டுவிடக் கூடாது.

சரிபார்த்தது மூன்று விதமாக. நண்பகலில் 1400 பைட் பிங் ஒரு மணி நேரம், தவறியது ஏதுமில்லை. மெயின் சுவிட்சை இறக்கி ஜெனரேட்டரில் ஏற்றி, எடைமேடை முகவரியையும் கணக்குப் பிரிவு முகவரிகளையும் பார்த்ததில் எல்லாம் 192.168.1 வரிசையில். ஆய்வக ரவுட்டரை வேண்டுமென்றே ரீசெட் செய்தும் எந்தக் கணினிக்கும் 192.168.0 வரவில்லை. கணினியில் 'நெட்வொர்க் 2' மறுபடி தலைகாட்டவில்லை.

இனி இந்த ஓட்டத்தில் முதலில் சாகப்போவது இழையோ கன்வர்ட்டரோ அல்ல, கன்வர்ட்டரோடு வரும் 5 வோல்ட் அடாப்டர். தூசியும் தகரக் கூரைச் சூடும் அதைத் தின்றுவிடும். இரண்டு விளக்கும் அணைந்திருந்தால் அடாப்டர். மின் விளக்கு எரிந்து இழை விளக்கு மட்டும் அணைந்திருந்தால் இழை, அல்லது எதிர்முனைக் கன்வர்ட்டருக்கு மின்சாரம் இல்லை. உபரி அடாப்டர் ஒன்று, அதே வோல்ட், அதே முனை அளவு, எடைமேடை மேசையின் இழுப்பறையில் சீட்டு ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது.